ஒரு முழம் மேலே நின்ற கார்

எங்கள் கிணத்துக்கார வீதியில் கிணறும் கிடையாது, கிணத்துக்காரரும் கிடையாது. ஆனால் சிங்காநல்லூர்ப் பக்கம் வந்து எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் நின்று, கார் தரைக்கு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த வீதி எது என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நான் அந்த வீதியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். என் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன். ஏன் அப்படி, எதனால் அப்படி என்று குடைந்தீர்களென்றால் கிரைண்டரைப் போட்டுவிடுவேன், அந்தச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்காது.

கார் துளசிமணியுடையது. துளசிமணி என் எதிர்வீட்டுக்காரி, ரவிக்கை தைக்கிறவள்; அவள் தைத்ததை ஒருமுறை போட்டவளுக்கு வேறு யார் தைத்ததும் தோளில் உட்காராது. அவள் புருஷன் பெயர் வெள்ளிங்கிரி, கோயில் நோம்பி, திருவிழாக்களுக்குச் சீரியல் லைட் கட்டுகிறவன். போன வருஷம் எங்கள் மாரியம்மன் நோம்பிக்கு வீதி முனையில் மூங்கில் ஏறி, அம்மன் தலைக்கு மேலே மயில் ஒன்று தோகை விரிக்கிற மாதிரி லைட் கட்டிக்கொண்டிருந்தவன், கடைசித் தோகையை மாட்டும்போது விழுந்துவிட்டான். மயில், நோம்பி முடியும்வரை எரிந்தது. வெள்ளிங்கிரிக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் நின்றுபோனது. அதிலிருந்து ஜன்னலோரக் கட்டில்தான் அவனுக்கு வீடு, வீதி, உலகம் எல்லாம்.

திங்களும் வியாழனும் அவனை ஆஸ்பத்திரிக்குத் தெரபிக்குக் கூட்டிப் போகவேண்டும். பின் சீட்டில் அவனைக் கால் நீட்டி உட்கார வைத்து, துளசிமணி ஓட்டுவாள், நான் முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவேன். ஒரு வியாழக்கிழமை அவன் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. தெரபி டாக்டரம்மாவே கண் கலங்கிவிட்டார். "விரல் அசைஞ்சிருச்சுங்க. இனி ஒரு தடவைகூட விடாமக் கூட்டிட்டு வாங்க. நடுவுல விட்டா இறுகிரும், அப்புறம் என் கையிலயும் இல்ல, யார் கையிலயும் இல்ல" என்று துளசிமணியிடம் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

அந்த விரலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ரயில்வே கேட்டு இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம், ரோடு போட்டவனுக்கு மனசாட்சி இருந்தால் அவன் அந்தப் பக்கமே வரமாட்டான். காரோ பழைய கார், பின்பக்கம் உட்கார்ந்துபோன கார். ஸ்பிரிங் தளர்ந்து, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கி, அச்சைப் பிடிக்கிற ரப்பர் புஷ் கிழிந்து, பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் இரும்பும் இரும்பும் முட்டி டங்கென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் நேராக வெள்ளிங்கிரியின் முதுகெலும்புக்குப் போகும். கத்தக்கூடாது என்று துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வான். அந்த வியாழக்கிழமை வீடு வந்து சேர்ந்தபோது துண்டில் பல் பட்ட இடம் ஓட்டையாகியிருந்தது.

கட்டிலில் படுத்ததும் சொன்னான்: "இனி நான் வரமாட்டேன் புள்ள. கால் வராட்டிப் போச்சாது, போகட்டும்."

பேசிச் சரிபண்ணுகிற சாமான் இல்லை அது என்று துளசிமணிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டாள், வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். ஒரு வாரமென்றால் திங்களும் போகும், வியாழனும் போகும், விரலும் போகும். திரும்பி வரும்போது அவள் கையில் புது ஸ்பிரிங் இரண்டு, ஷாக் இரண்டு, ரப்பர் புஷ் இரண்டு, ஒரு சிமென்ட்டுச் சாக்கில் போட்டுத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். "நீயேவா பண்ணப் போற?" என்று கேட்டேன். "பங்சர் நான்தானக்கா போட்டேன், பிரேக்குக் கட்டை நான்தான மாத்துனேன். இதும் கழட்டி மாட்டறதுதான" என்றாள், ரவிக்கைக்குக் கொக்கி மாற்றுகிற மாதிரி.

சனிக்கிழமை அவள் வேலை செய்ததை நான் மாவு ஆட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். கார் தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளை இளக்கினாள். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, அசைத்துப் பார்த்து, இன்னொரு தடவை அசைத்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் உள்ளே கையை விட்டாள். முந்தின சாயங்காலமே எண்ணெய் ஊற்றி ஊறவைத்த துரு போல்ட்டுகள் முனகிக்கொண்டு கழன்றன. அடியில் இருட்டாக இருந்ததா, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த வெள்ளிங்கிரி, முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வெயிலைப் பிடித்துக் காருக்கு அடியில் அடித்தான். வரமாட்டேன் என்று சொன்னவன் சொன்னவன்தான், ஆனால் அவள் கை எங்கே போனதோ அங்கே வெளிச்சம் போனது. லைட்டுக்காரன் புத்தி எங்கே போகும். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நான் போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

பழைய ஷாக்கை அமுக்கினால் உள்ளே போனது, போனது போனதுதான், திரும்பி வரவில்லை. பழைய ரப்பரை ஒரு குழாய்த் துண்டும் நீளமான போல்ட்டும் வைத்து இழுத்து வெளியே எடுத்தாள், புதுசை அதே வழியில் உள்ளே ஏற்றினாள், ஸ்பிரிங்கை உட்காரவைத்தாள், ஷாக்கை மாட்டினாள். நாலு பெரிய போல்ட்டையும் கையால் மட்டும் திருகிவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"இறுக்கலியா அம்மணி?" என்று கேட்டார் சென்னியப்பண்ணன். அவர் பக்கத்து வீட்டுக்காரர், மில்லில் வேலை பார்த்து ரிட்டையரானவர், போன தடவை இதே காருக்கு இதே புஷ்ஷைப் போட்டுக்கொடுத்தவர்.

"காரு தரையில நின்னு வெயிட்டு ஏறினப்புறந்தான் இறுக்கோணுமுங்ண்ணா. தொங்கறப்ப இறுக்குனா ரப்பர் அப்படியே முறுக்கிப் புடிச்சுக்கும், இறங்குனதும் கிழிஞ்சிரும். கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்து ரவிக்கை தெச்சாப் போடறவ என்னாவா?"

சென்னியப்பண்ணன் போன தடவை தொங்கும்போதே இறுக்கியவர். அவர் வீதிக் கடைசியில் எதையோ பார்க்கப் போய்விட்டார்.

துளசிமணி சக்கரங்களை மாட்டினாள். ஸ்டாண்டுகளை ஒரு படி இறக்கி வைத்தாள். ஜாக்கியை மெல்ல இறக்கினாள். ஜாக்கி இறங்கியது. கார் இறங்கவில்லை.

முன் சக்கரம் இரண்டும் தரையில் இருந்தன, பின் சக்கரம் இரண்டும் தரைக்கு ஒரு முழம் மேலே இருந்தன, ஸ்டாண்டின் தலைக்கும் காரின் அடிக்கும் நடுவே என் கையை விட்டு எடுத்தேன், காற்றுதான் இருந்தது. துளசிமணி டிக்கியைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். சுவரை அமுக்கின மாதிரி இருந்தது. அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கி ஸ்பிரிங்கையாவது அமுக்கலாம் என்று பார்த்தாள், ஸ்பிரிங் அமுங்குவதற்குப் பதில் கார் இன்னும் கொஞ்சம் மேலே போய், ஜாக்கியை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டது. கழுத்திலிருந்த இஞ்சி டேப்பை எடுத்துத் தரைக்கும் டயருக்கும் அளந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி அளந்தாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள். சாப்பிடவேண்டும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீதி அந்தக் காருக்குப் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகமாட்டோம் நாங்கள். குழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருதரம் வருவதற்கே பழகினவர்கள். நாய் எட்டாது என்று டிக்கி மேலே ஒருத்தி வடகம் காயப்போட்டாள். மூன்றாம் வீட்டுக் குழந்தை பிறந்ததிலிருந்து பகலில் தூங்காத குழந்தை, அதன் தூளியைக் கொண்டுவந்து பின் பம்பருக்கு அடியில் கட்டினார்கள், போட்டதும் தூங்கியது, சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. பயந்த பிள்ளைகளைக் கோயில் யானைக்கு அடியில் புகுந்து வரச்சொல்வோமே, அதே மாதிரி பிள்ளைகளைக் காருக்கு அடியில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்கினார்கள். "யாரும் அடியில போகாதீங்க, விளையாட்டில்ல" என்று துளசிமணி வந்து விரட்டினாள், அவள் உள்ளே போனதும் பெரியவர்களும் புகுந்தார்கள், இடுப்பு வலிக்காரர்கள் வரிசையே நின்றது, பொய் சொல்வானேன், நானும் ஒருதரம் புகுந்து வந்தேன். கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு, பின் சக்கரம் ரோட்டைத் தொடாததால் இது ரோட்டில் நிறுத்தின வண்டிக் கணக்கில் பாதிதான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள், படத்தில் அது ஜாக்கி போட்ட கார் மாதிரிதான் தெரிந்தது, வெளியூர்க்காரன் எவனும் நம்பவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று.

வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலோரம் போய் நின்றார்கள், ஏனென்றால் முழுக்கப் பார்த்தவன் வெள்ளிங்கிரிதான். விழுந்த புதுசில் வந்து பார்த்துவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். அவன் சொன்னான், சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது, கை ஆட ஆரம்பித்தது, குரல் பழைய குரலாயிற்று. மத்தியானத்துக்கு மேல் சீரியல் செட்டைப் பரணிலிருந்து எடுத்துவரச் சொல்லி, கட்டிலில் கிடந்தபடியே பையன்களை ஏவி, காரைச் சுற்றிக் கட்டவைத்தான். "பச்சைய மேல குடு. அந்த ஒயரு தொங்குது பாரு, இழுத்துக் கட்டு. நோம்பி வரைக்கும் இப்படியே நிக்கட்டும், இதுக்கு மேல ஒரு மயிலு கட்டிக் காமிக்கறேன்" என்றான். விழுந்ததற்கப்புறம் அவன் வாயில் மயில் என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். வாசலில் நின்ற துளசிமணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது, எனக்குத் தெரியும். இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று.

பொழுது சாய்கிற நேரத்தில் நான் சட்னி கொடுக்கப் போனேன். அவள் அவன் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விரலை அசைங்க மாமா."

அவன் பல்லைக் கடித்தான். நெற்றியில் வேர்த்தது. வெகு நேரம் கழித்து விரல் லேசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு அசைந்தது.

"வியாழக்கிழமை இதவிட நல்லா அசைஞ்சுது. நாளைக்குப் போகலீன்னா இதும் நின்னுரும்" என்றாள்.

"காரு இறங்கமாட்டீங்குது. நான் என்ன பண்ணட்டும்."

"இறங்கமாட்டீங்குதுன்னு உங்களுக்குச் சந்தோசம்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலைப் பார்த்தபடியே, "அந்தப் பள்ளத்த நெனச்சா எனக்குப் பயமா இருக்குது துளசி" என்றான். அவள் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான் சட்னிக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் துளசிமணி வீதியைக் கூப்பிட்டாள். அதுவரை யாரையும் எதற்கும் கூப்பிடாதவள், வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். நோம்பிக்கு நிற்கட்டுமே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், அவர்களும் வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவள் தூளியோடு அவிழ்த்துத் தாயிடம் கொடுத்தாள், வடகத்தை நான் எடுத்தேன். உள்ளே ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள், டிக்கியில் இரண்டு பேர், என் கடை அரிசி மூட்டை இரண்டு. கார் கவலையே படவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் மண்டிபோட்டு இஞ்சி டேப்பை வைத்துப் பார்த்தாள், எழுந்தாள், இன்னும் ஒரு ஆள் ஏறுங்க என்றாள், மறுபடி மண்டிபோட்டாள். ஒரு முழம் ஒரு முழமாகவே இருந்தது.

"இப்படியே போல்ட்டை இறுக்கிட்டு ஓட்டிட்டுப் போ அம்மணி. முன்சக்கரந்தான வண்டிய இழுக்குது" என்றார் சென்னியப்பண்ணன்.

"சாஞ்ச சீட்டுல அவுங்களால உக்கார முடியாதுங்ண்ணா. பின்பிரேக்கு புடிக்கறதுக்குத் தரை வேணும். அந்தரத்துல இறுக்குனா எப்ப இறங்குதோ அப்பக் கிழியும், அது நடு ரோட்டுல கிழியும். அந்த வேலைய நான் செய்யமாட்டேன்" என்றாள். குரல் உடைந்தது, வேலை உடையவில்லை. அந்த நேரத்தில்கூட ஒரு தப்பான முறுக்கு முறுக்கமாட்டேன் என்று நின்றாள் பாருங்கள், எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இதையெல்லாம் ஜன்னலிலிருந்து வெள்ளிங்கிரி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கடைசியாக மண்டிபோட்டு எழுந்தபோது டேப்பைச் சுருட்டவில்லை, அப்படியே கையில் தொங்கவிட்டு நின்றாள். அவன் கூப்பிட்டான்.

"சென்னியப்பண்ணா. எல்லாத்தையும் எறக்கிவிட்டுட்டு என்னையத் தூக்கிட்டுப் போயி உள்ள வைங்க."

"எட்டுப் பேருக்கும் ரெண்டு மூட்டைக்கும் இறங்காதது உனக்கா இறங்கப்போகுது?"

"இறங்காட்டிப் போச்சாதுங்க. நான் ஏறலீன்னு அவ நெனைக்கக் கூடாது."

எட்டுப் பேரும் இறங்கினார்கள், மூட்டைகளும் இறங்கின. துளசிமணி முதலில் ஒரு காரியம் செய்தாள்: எட்டுப் பேர் ஏறியபோது எடுக்காத ஸ்டாண்டுகள் இரண்டையும் கம்பியால் இழுத்து வெளியே போட்டாள். வடகத்தை நான் எடுத்தேன். நாலு பேர் வெள்ளிங்கிரியைத் தூக்கினார்கள், சீட்டு ஒரு முழம் உயரத்தில் இருந்ததால் தோளுக்கு மேலே தூக்கவேண்டியிருந்தது, பல்லக்கில் சாமி ஏற்றுகிற மாதிரி மெல்ல, பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே விட்டார்கள். சரிந்த சீட்டில் உட்காரவைத்தபோது அவனுக்கு வலித்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டான். கதவைச் சாத்தினோம்.

கார் யோசித்தது. படுக்கலாமா வேண்டாமா என்று எருமை யோசிக்குமே, அப்படித்தான். அப்புறம் இறங்கியது. தொப்பென்று இல்லை, துளித்துளியாக இறங்கியது, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், டயர் மண்ணைத் தொட்டது, டயர் பிதுங்கியது, புது ஸ்பிரிங் வளையம் வளையமாக அமுங்கிற்று, சீரியல் பல்புகள் ஒன்றோடொன்று இடித்துச் சலசலத்தன. இரண்டு மூன்று பிள்ளைகள் கார் போச்சே என்று அழுதார்கள். துளசிமணி அதற்குள் ஸ்பானரோடு தரையில் படுத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து வெள்ளிங்கிரி கேட்டான். "இறங்கிருச்சா? அப்ப என்னையக் கீழ எறக்கி வைங்க. துளசி, நீ வேலைய முடி, அப்புறம் ஏறிக்கறேன்."

"அசையாதீங்க மாமா" என்று அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "நீங்க உக்காந்தாத்தான் இத இறுக்க முடியும். உங்க வெயிட்டு வேணும்."

படுக்கையில் விழுந்ததிலிருந்து அவனைத் தூக்கினவர்கள், புரட்டினவர்கள், துடைத்தவர்கள் எத்தனையோ பேர். அவன் எடை வேண்டும் என்று ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் வாயிலிருந்து துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, தன்னால் முடிந்தமட்டும் கனமாக உட்கார்ந்தான். ஸ்பானர் ஒவ்வொரு தடவை கிறீச்சிடும்போதும் முதுகை நேராக்கிக்கொண்டான். நாலு போல்ட்டும் இறுகும்வரை அந்த மனுஷன் அசையவில்லை.

சீரியல் லைட்டை அவிழ்க்க நேரமில்லை. பச்சையும் சிவப்புமாகத் தொங்கிய பல்புகளோடு கார் கிளம்பியது, நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். துளசிமணியின் கன்னத்தில் கிரீஸ் ஒரு கோடாக இழுத்திருந்தது, முழங்கை சிராய்த்திருந்தது, தலையில் ரோட்டு மண். வீதியைத் தாண்டினோம், மில் சுவரைத் தாண்டினோம். கேட்டு தூரத்தில் தெரிந்தபோது பின்னாலிருந்து துண்டைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியமில்லை. பள்ளம் எப்போதும்போல வாயைத் திறந்துகொண்டிருந்தது. துளசிமணி கியரை மாற்றினாள், உதட்டைக் கடித்தாள், காரை அதில் இறக்கினாள்.

பின் சக்கரம் இறங்கியது, ஏறியது. டங்கென்ற சத்தம் வரவில்லை. கேட்டைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம், பின்னாலிருந்து ஒரு பேச்சுமூச்சு இல்லை. துளசிமணியால் பொறுக்க முடியவில்லை, காரை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"மாமா, வலிக்குதா?"

"எதுக்கு நிறுத்துன?" என்றான் வெள்ளிங்கிரி, இறுக்க மூடின கண்ணைத் திறக்காமல். "கேட்டு எப்ப வருது?"

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். நான்தான் சொன்னேன், கேட்டு பின்னால் போய்விட்டது தம்பி என்று. அவன் கண்ணைத் திறந்து, திரும்பிப் பின்கண்ணாடி வழியாகக் கேட்டைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான், மடியிலிருந்த ஓட்டைத் துண்டைப் பார்த்தான். அப்புறம் சீட்டைப் பிடித்து, முன்னால் எட்டி, இன்னும் கொஞ்சம் எட்டி, அந்தத் துண்டாலேயே அவள் கன்னத்துக் கிரீஸைத் துடைத்துவிட்டான்.